கலைச்சொல் தேவை: 'மெஷூவா' சீர்கேடா, மாறுபாடா, திறம்பலா?

குழுவினருக்கு வணக்கம்.

பழைய ஏற்பாட்டு வகுப்புக்காகச் சொற்பட்டியல் ஒன்று தயாரித்துக்கொண்டிருக்கிறேன். மற்ற சொற்கள் எப்படியோ முடிந்துவிட்டன. ஒன்று மட்டும் பதினைந்து நாளாக நகர மாட்டேன் என்கிறது: 'மெஷூவா'. எபிரேய வேதாகமத்தில் மொத்தமே 12 முறைதான் வருகிறது; எரேமியாவில் 9, ஓசியாவில் 2, நீதிமொழிகளில் 1. தீர்க்கதரிசிகள் வாயில் இதற்கு, கர்த்தரோடு செய்த உடன்படிக்கையை விட்டுவிட்டுப் பாகால் என்ற வேற்றுத் தெய்வத்தின் பின்னாலும் சமாரியாவின் கன்றுக்குட்டிச் சிலையின் பின்னாலும் போவது என்று பொருள்.

பொருள் விளங்கிவிடுகிறது. வேர்தான் படுத்துகிறது. 'ஷூவ்' என்றால் திரும்பு. "திரும்பி வா" என்று தீர்க்கதரிசிகள் கூப்பிடுவது இந்த வினையால். விட்டுப்போனதைச் சொல்லும் 'மெஷூவா'வும் இதிலிருந்தே பிறந்தது. எரேமியா 3:22-ஐ வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: "ஷூவூ பானீம் ஷோவாவீம், எர்பா மெஷூவோத்தேக்கெம்." ஐந்து சொற்களில் மூன்று ஒரே வேர்.

நம் பழைய மொழிபெயர்ப்பில் இது "சீர்கெட்ட பிள்ளைகளே, திரும்புங்கள், உங்கள் சீர்கேடுகளைக் குணமாக்குவேன்" என்றிருக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நோயும் மருந்தும் ஒரே செடியில் காய்த்தவை என்பது போய்விட்டது. அதே சொல் எரேமியா 2:19-இல் 'மாறுபாடு' ஆகிவிடுகிறது. ஓசியாவிலும் 11:7-இல் மாறுபாடு, 14:4-இல் சீர்கேடு. போதாததற்கு, இன்று சீர்கேடு என்றால் சாக்கடை அடைத்துக்கொண்ட தெருதான் ஞாபகம் வருகிறது, மாறுபாடு என்றால் கருத்து வேற்றுமை.

பழைய மொழிபெயர்ப்பாளர்களைக் குறைசொல்வதாக நினைக்க வேண்டாம். எசேக்கியேல் சிலைகளைத் திட்டுவதற்கென்றே 'கில்லூலீம்' என்கிறான். அதில் சாணி உருண்டை வாடை அடிக்கும். அதை "நரகலான விக்கிரகங்கள்" என்று போட்டார்களே, அந்தத் துணிச்சல் இன்று நமக்கு வராது.

சரி, என் பரிந்துரை: மெஷூவா = திறம்பல். ஷூவ் = திரும்பு.

திறம்புதல் என்றால் மாறுபடுதல், பிறழ்தல். புதிதாகச் செய்த சொல் இல்லை. "கற்பெனப் படுவது சொற்றிறம்பாமை" என்று கொன்றைவேந்தனில் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். கொடுத்த வாக்கிலிருந்து பிறழாமல் இருப்பதே கற்பு என்கிறாள் ஔவை. ஓசியா, தனக்குத் துரோகம் செய்த மனைவி கோமேரைக் கட்டிக்கொண்டு பட்ட பாட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடன்படிக்கை அவனுக்குத் திருமண வாக்கு, சிலை வணக்கம் அந்த வாக்குத் தவறியது. இஸ்ரவேலை எப்போதும் பெண்ணாக்கி 'சோரம்போனாள்' என்று ஏசுவது வகுப்பில் எனக்கே கூசும். திறம்பல் என்றால் பழி சொல்லின் மேல் விழுகிறது, உடலின் மேல் அல்ல. எனக்கு அது ஒரு நிம்மதி.

இப்போது வசனம்: "திறம்பிய பிள்ளைகளே, திரும்புங்கள், உங்கள் திறம்பலைக் குணமாக்குவேன்."

இதற்கு வந்த மறுப்புகளில் இரண்டை எடுத்துக்கொள்கிறேன்.

> திறம்பும் திரும்பும் ஒரே வேர் அல்லவே. வெறும் ஓசைதானே?

ஆமாம் அண்ணா, ஓசைதான். ஆனால் ஓசையை வைத்து விளையாடத் தீர்க்கதரிசிகளே கூச்சப்படவில்லை. ஆமோஸ் 8-இல் கூடையில் கோடைப்பழம், 'காயிட்ஸ்'. உடனே "முடிவு வந்தது", 'கேட்ஸ்'. அங்கேயும் வேர் வேறுதான். தமிழில் "பழுத்த பழங்களுள்ள ஒரு கூடை" என்று படிக்கிறவருக்குப் பழத்துக்கும் முடிவுக்கும் என்ன சம்பந்தம் என்றே புரிவதில்லை.

> பின்மாற்றம் என்று சபைகளில் சொல்கிறார்களே, அதுவே போதாதா?

அது ஜெபக்கூட்டத்துக்கு வராமல் நின்றுவிட்ட ஒரு தனி ஆளைப் பற்றிய சொல்லாகிவிட்டது. எரேமியா பேசுவது ஒரு நாட்டையே பற்றி. மேலும் 'பின்' என்றால் பழைய இடத்துக்கே போனதாகத் தொனிக்கும். இங்கே குறிதான் தவறுகிறது. ஓசியா 7:16-ஐப் பாருங்கள்: திரும்புகிறார்கள், ஆனால் உன்னதமானவரிடத்திற்கு அல்ல, மோசம்போக்குகிற வில்லைப்போல் இருக்கிறார்கள். நாண் இழுபடுகிறது, அம்பும் பாய்கிறது, ஆனால் வேறெங்கோ போகிறது. அதுதான் திறம்பல்.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "திறம்பட்ட பிள்ளைகளா? கெட்டிக்காரப் பிள்ளைகள்னா எதுக்குத் திரும்பணும்?" என்று கேட்டார். 'திறம்பட' என்ற சொல் இப்படிக் குறுக்கே வந்து நிற்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ரகர றகரத்தைப் பிரித்துச் சொல்லாத ஊர்களில் இன்னும் மோசம்: மெய்ப்புப் பார்த்தவர் மூன்று இடத்தில் 'திறம்பலை' என்பதைத் 'திரும்பலை' என்று திருத்திவிட்டார். "உங்கள் திரும்பலைக் குணமாக்குவேன்" என்று அச்சானால் எரேமியா கல்லெறிவான்.

----

அக்காவுக்கு வணக்கம். திறம்பட-வின் தொல்லையிலிருந்து தப்ப எளிய வழி இருக்கிறது. தனியே விடாதீர்கள், முன்னால் ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். ஔவையே வழிகாட்டியிருக்கிறாள்: சொல்திறம்பல். அம்மாவிடம் மறுபடி வாசித்துப் பாருங்கள்.

----

தம்பி, வாசித்தேன். "சொல்திறம்பிய பிள்ளைகளே" என்றதும் "ஓ, வாக்குத் தவறினவங்களா" என்றார். பட்டியலில் பெயர்ச்சொல்லைச் 'சொல்திறம்பல்' என்றே பதிந்துவிட்டேன். வசன மொழிபெயர்ப்பில் முதல் இடத்தில் மட்டும் முழுச்சொல், அப்புறம் திறம்பல். மெய்ப்புப் பார்ப்பவருக்குத் தனிக்குறிப்பும் எழுதியாயிற்று.

இடிப்பது நீதிமொழிகள் 1:32 ஒன்றுதான். அங்கே பேதைகளின் மெஷூவா அவர்களைக் கொல்லும் என்று வருகிறது. சிலையும் இல்லை, உடன்படிக்கைப் பேச்சும் இல்லை. ஞானம் தெருவில் நின்று கூப்பிடுகிறாள், அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். யாரும் வாக்குக் கொடுக்காத இடத்தில் சொல்திறம்பல் எப்படிப் பொருந்தும்? அங்கே மட்டும் வெறும் திறம்பல் என்று விடலாமா? வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் அச்சுக்கு அனுப்பிவிடுவேன்.