யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில் பழைய தவறணைக் கட்டடம்: இடிப்பதா, திருத்துவதா?

தீவகத்தான்:
இறங்குதுறையைப் பார்த்தபடி பெரியப்பாவின் கட்டடம் ஒன்று இருக்கிறது. முன்பக்கம் தவறணையாக (மதுக்கடையாக) நடந்தது, பின்பக்கம் கிட்டங்கி. தடித்த முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) சுவர், பனஞ்சலாகையில் ஓட்டுக்கூரை, விறாந்தையில் ஆட்கள் இருந்து குடிக்கச் சுவரோடு சேர்த்துக் கட்டிய திண்ணை. முன்பு வாடகைக்கு இருந்தவர் கடல்பக்கச் சுவருக்குச் சீமெந்து பூசிவிட்டார், இப்போது அது பாளம் பாளமாகக் கழன்று விழுகிறது, பின்னால் கல்லும் மாவாக உதிர்கிறது. மேசன் இடித்துவிட்டுக் கொங்கிறீற்றில் கட்டச் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. காப்பாற்ற வழி உண்டா?

சுண்ணாம்புக்காரன்:
தம்பி, இடிக்காதீர்கள். பிழை கல்லில் இல்லை, சீமெந்தில். முருகைக்கல் உப்பும் ஈரமும் உள்ள கல். சுண்ணாம்புப் பூச்சு என்றால் ஈரம் அதன் வழியே காய்ந்து போகும், உப்பு பூச்சில் படியும், பூச்சுக் கெட்டால் திரும்பப் பூசலாம். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடுகிறது. உப்பு உள்ளேயே படிகமாகிக் கல்லை உடைக்கிறது. யாழ்ப்பாணக் கோட்டை மதிலும் முருகைக்கல்தான், 1680 அளவில் ஒல்லாந்தர் கட்டியது, போரில் அவ்வளவு அடிபட்டும் பெரும்பகுதி நிற்கிறதே.

வடமராட்சிப் பிள்ளை:
அண்ணை சொல்வது சரி. சீமெந்தைக் கையுளியால் மெதுவாகக் கொத்தி எடுங்கள், மெசின் வேண்டாம், அதிர்வில் கல் உடையும். அப்புறம் நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். நன்றாக நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு உப்பில்லாத மணல் மூன்று பங்கு. மெல்லிய படைகளாகப் பூசி ஈரச்சாக்கால் மூடி வையுங்கள். மாரி முடிந்து தை, மாசியில் செய்தால் நல்லது, சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கினால் அந்தக் காற்றிலேயே பூச்சு அவசரமாய்க் காய்ந்து வெடிக்கும். கல் போதாவிட்டால் இடிந்த பழைய வீட்டுக் கல்லைத் தேடுங்கள், கடலில் புதிதாய் உடைப்பது சட்டப்படி குற்றம்.

இன்னொன்று, சுவர் முடியும் இடத்துக்கும் ஓட்டுக்கும் இடையில் இடைவெளி இருக்குமே, அதை அடைக்க விடாதீர்கள். சூடு அதால்தான் வெளியேறும், சலாகையும் உக்காமல் இருக்கும். அந்தத் திண்ணையையும் தயவுசெய்து விட்டுவையுங்கள், அது போனால் தவறணை என்று சொல்ல என்ன மிஞ்சும்?

தீவகத்தான்:
நன்றி அக்கா, அண்ணை. சீமெந்து முழுவதையும் ஒரேயடியாக எடுக்கலாமா?

சுண்ணாம்புக்காரன்:
வேண்டாம். கூரையைத் தாங்கும் வளைக்குக் கீழே முதலில் முட்டுக் கொடுங்கள். பிறகு ஒரு பாகம் எடுத்து, உக்கின கல்லை மாற்றி, அது இறுகின பிறகு அடுத்த பாகம்.