முதலில் எது: பொருளாதாரமா, ஊழலா, அரசியல் யாப்பா?

மரக்காலைக்காரன்:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் சின்னதாக ஒரு மரக்காலையும், பக்கத்திலேயே தளபாட வேலைத்தலமும் வைத்திருக்கிறேன். 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்குத்தான் வாக்குப் போட்டேன். எங்கள் ஐயா தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னக்காரர். விஷயம் தெரிந்ததும் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

225 ஆசனத்தில் 159 வந்தது. யாழ்ப்பாண மாவட்டத்திலேயே 6 இல் 3. யாப்பை மாற்றப் பாராளுமன்றத்தில் வேண்டிய மூன்றில் இரண்டுக்கு 150 போதும். அப்படியிருந்தும் பொருளாதாரம் முதல், கூடவே ஊழல் ஒழிப்பு, யாப்பு பிறகு என்றுதான் வண்டி ஓடுகிறது. 'வளமான நாடு அழகான வாழ்க்கை' விஞ்ஞாபனத்தில் புதிய யாப்பு, நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறை ஒழிப்பு எல்லாம் இருந்தது.

என் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். மரம் ஏற்றி இறக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒரு அலுவலகத்தில் முன்பெல்லாம் 'தேத்தண்ணிச் செலவு' என்று வாய்விட்டே கேட்பார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கை நீட்டுவது நின்றதோடு கையெழுத்தும் நின்றுவிட்டது. பைல் மேசையிலேயே கிடக்கிறது. போன மாதம் ஒருவழியாகப் பதில் வந்தது, முழுக்கச் சிங்களத்தில். கடைத் தெருவில் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய் வாசித்தால், 'மேலும் ஆவணங்கள் தேவை' என்று மட்டும் இருக்கிறதாம். என்ன ஆவணம் என்று இல்லை.

பிளைவூட், பொலிஷ், ஆணி எல்லாவற்றிலும் 18 சதவீத வற் (பெறுமதி சேர் வரி). அதையும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். கேள்வி இதுதான்: யாப்பைக் கடைசியில் வைப்பது சரியா? இல்லை, நான்தான் அவசரப்படுகிறேனா?

கணக்கன்:

அவசரப்படுகிறீர்கள் அண்ணை. கோபிக்காதீர்கள், நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன்.

2022 ஏப்ரல் 12 அன்று நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட மாட்டேன் என்று கையை விரித்தது. அதே செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு போட்ட ஏற்பாடு ஏறக்குறைய 300 கோடி டொலர், நான்கு வருடத்துக்கு. அரச வரவு செலவில் வட்டியைத் தவிர்த்துப் பார்த்தால் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம் மிச்சம் காட்ட வேண்டும் என்பது அதில் ஒரு இலக்கு. எந்தக் கட்சி வந்தாலும் அந்தக் கயிறு காலில் கட்டித்தான் இருக்கும்.

ஊழலும் அந்தக் கயிற்றோடுதான் வருகிறது. நாணய நிதியமே 2023 செப்டெம்பரில் நம்முடைய ஆட்சிமுறை பற்றித் தனி அறிக்கை போட்டது. ஊழல் எதிர்ப்புச் சட்டம் 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கம், அதாவது முந்தைய ஆட்சியில் வந்தது. குற்றத்தால் சேர்த்த சொத்தைப் பிடிக்கும் சட்டம் 2025 இல், இவர்களுடைய காலத்தில்.

உங்கள் வற் விஷயம்: வருட விற்பனை சட்டம் வைத்த எல்லைக்குக் குறைவென்றால் பதிவு கட்டாயமில்லை (2024 ஜனவரியில் அந்த எல்லையை 8 கோடி ரூபாவிலிருந்து 6 கோடிக்கு இறக்கினார்கள்). ஆனால் பதிவில்லாதவர் தான் கட்டிய வற்றைக் கழித்துக்கொள்ள முடியாது. அந்த 18 சதவீதமும் உங்கள் கதிரையின் விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. பெரிய கம்பனிக்கு அது வந்து போகிற காசு, உங்களுக்குப் போன காசு. யாரைக் கேட்டாலும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

வயற்காரி:

கணக்கன் தம்பி சொல்வது புத்தகத்தில் சரி. நான் பரந்தன் பக்கம் வயல் செய்கிறேன்.

2021 ஏப்ரலில் இரசாயன உரம் இனி இல்லை என்றார்கள், மே மாதம் வர்த்தமானியும் வந்துவிட்டது. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. அந்தக் காலபோகத்துக்கு யூரியா இல்லை. பயிர் முழங்கால் உயரத்தில் மஞ்சளடித்து நின்றது. வரம்பில் நின்று பார்த்தால் என்னுடையது எது, பக்கத்துக் காணி எது என்று தெரியாது, எல்லாம் ஒரே நிறம். ஏக்கருக்கு 30 மூடை எடுக்கிற காணியில் 13 மூடை. அறுவடை மெசினுக்குக் கொடுக்கவே சங்கிலி அடகுக்குப் போனது. நவம்பரில் தடையை எடுத்தார்கள்தான், எடுத்து என்ன? விதைத்தாகிவிட்டது.

வரியைக் குறைத்ததும் அப்படித்தானே? 2019 நவம்பரில் தேர்தல் முடிந்து இரண்டு கிழமை, டிசம்பர் 1 இலிருந்து வற் 15 இலிருந்து 8. அடுத்த வருடம் ஒக்டோபரில் யாப்பின் 20 ஆம் திருத்தம், 19 ஆம் திருத்தத்தில் ஜனாதிபதிக்குப் போட்ட கடிவாளத்தையும் கழற்றிவிட்டார்கள். மேலே ஒருவர் நினைப்பார், அமைச்சரவை தலையாட்டும். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள் என்று முன்னாள் ஜனாதிபதிகளின் பெயரையே சொல்லி, மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று தீர்ப்பெழுதியது. பொருளாதார வழக்குத்தான், ஆனால் யாப்பின் கீழ்தான் போட்டார்கள்.

அதனால் யாப்பு வேறு, வயிறு வேறு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இப்போது இருப்பவர் நல்லவராகவே இருக்கட்டும். அந்தக் கதிரை அப்படியேதானே இருக்கிறது?

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:

முப்பது வருடம் பைலோடு கிடந்தவன் சொல்கிறேன், மரக்காலைக்காரத் தம்பி. கையெழுத்து வைக்கப் பயப்படுவது உண்மை. காசு வாங்காமல் வைத்தாலும் நாளைக்கு யாராவது இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்குக் கடிதம் போட்டால் விளக்கம் சொல்ல வேண்டியது கையெழுத்து வைத்தவர்தான். 'மேலும் ஆவணங்கள்' என்று எழுதிவிட்டால் பந்து உங்கள் பக்கம். நானும் எழுதியிருக்கிறேன், மறைப்பதற்கில்லை.

இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, தமிழிலேயே திருப்பி எழுதுங்கள். 1988 இல் வந்த 16 ஆம் திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். யாப்பின் 22 ஆம் உறுப்புரை என்று ஒரு வரி சேருங்கள். இரண்டு, 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 'என்னென்ன ஆவணம், எந்தச் சுற்றறிக்கைப்படி' என்று கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் கொடுப்பதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். எழுத்தில் கேட்டால்தான் அங்கே அசையும்.

யாப்பைப் பற்றி எனக்கு நம்பிக்கை குறைவு. 2016 இல் புதிய யாப்பு எழுதப் பாராளுமன்றமே அரசியலமைப்புச் சபையானது. 2017 செப்டெம்பரில் இடைக்கால அறிக்கையும் வந்தது. 2018 ஒக்டோபரில் பிரதமர் கதிரைச் சண்டை, அதோடு சரி. மாகாண சபை அதைவிட வேடிக்கை. 2017 இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் வாக்குக்கு வந்தது. ஆதரவாக ஒரு வாக்குக்கூட இல்லை. கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். வட மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 இல். அந்தத் தேர்தலை வைக்கப் புதிய யாப்பும் வேண்டாம், சர்வசன வாக்கெடுப்பும் வேண்டாம். சாதாரணப் பெரும்பான்மையில் ஒரு சட்டத் திருத்தம் போதும். 159 பேரை வைத்துக்கொண்டு அதையே தள்ளுகிறவர்கள் ஜனாதிபதி முறையை ஒழிப்பார்கள் என்று எப்படி நம்புவது?

மரக்காலைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. கணக்கன் சொன்ன வற் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

எழுதுவினைஞர் ஐயா சொன்னபடி இரண்டு கடிதமும் தமிழில் கொடுத்தேன். வாங்கியவர் 22 ஆம் உறுப்புரை என்ற இடத்தில் விரலை வைத்து இரண்டு தரம் வாசித்தார். "இது யார் தம்பி எழுதித் தந்தது?" என்று கேட்டார். நானே என்றேன். பற்றுச்சீட்டுத் தர யோசித்தவர், கடைசியில் தேதியோடு முத்திரை குத்தித் தந்தார். 14 நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

வயற்காரி அக்கா எழுதியதை எங்கள் ஐயாவுக்கு வாசித்துக் காட்டினேன். மஞ்சளடித்த பயிர் வரைக்கும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அதெல்லாம் இருக்கட்டும், முதல் மாகாண சபைத் தேர்தலை வைக்கச் சொல்லு உன்ரை ஆக்களை" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துவிட்டார்.