ஆப்பிள் ஜூஸ், 1.8 கிலோகிரே: ஒரு குடும்பக் குழு உரையாடல்

கவின் [6:42]: மதி அத்தை, வடிகட்டாத ஆப்பிள் ஜூஸ். சூடு காட்டாம காமா கதிர்ல ஈ.கோலை ஓ157:எச்7 கிருமியைக் கொல்லணும். 1 கிலோகிரே (ஜூஸ் வாங்குற கதிரோட அளவு, அதான் டோஸ்) போதுமா?

மதி அத்தை [6:45]: பத்தாதுப்பா. கிருமி பத்துல ஒரு பங்கா குறைய ஆகுற டோஸ்தான் டி10. ஆப்பிள் ஜூஸ்ல இதுக்கு அது 0.12-லிருந்து 0.35 கிலோகிரே வரைக்கும் போகுது. வேண்டியது 5 லாக், அதாவது அஞ்சு தடவை பத்துல ஒரு பங்கா குறையணும், லட்சத்துல ஒண்ணுதான் மிஞ்சலாம். 0.35-ஐ 5-ஆல பெருக்கு.

கவின் [6:45]: 1.75

மதி அத்தை [6:47]: அதான் 1.8-னு வைக்கிறது. 0.12-ஐ நம்பினா 0.6-லயே வேலை முடிஞ்ச மாதிரி தெரியும். அது சொகுசா வளர்ந்த கிருமியோட கணக்கு. புளிப்புல பழகினது கதிரையும் தாங்கும். சோதனைக்கு அதைத்தான் எடுக்கணும்.

கவின் [6:48]: எப்படிப் பழக்குறது?

மதி அத்தை [6:51]: டிரிப்டிக் சோயா பிராத்ல (கிருமி வளர்க்குற திரவம்) 1% குளுக்கோஸ் சேர்த்து 37 டிகிரில 18 மணி நேரம். குளுக்கோஸைத் தின்னு அதுவே அமிலம் விடும், பிஎச் 5-க்குக் கீழ இறங்கிரும். அந்தக் கல்ச்சரைக் குளிர்ந்த ஜூஸ்ல கலந்து அடி.

சித்தப்பா [6:53]: கலங்கல் எவ்வளவுன்னும் பாருடா. கதிர் நேரா கிருமியை அடிக்கிறது கொஞ்சம்தான். தண்ணி உடைஞ்சு வர்ற ஹைட்ராக்சில் ரேடிக்கல்ங்கிற வேகமா வினைபுரியுற துணுக்குதான் முக்கால்வாசி வேலை பார்க்குது. மிதக்குற சக்கை அதைப் பாதி வழியிலயே மடக்கிரும்.

கவின் [6:54]: உறைய வச்சு அடிச்சா ருசி கெடாதுங்கிறாங்களே சித்தப்பா?

சித்தப்பா [6:55]: ருசி தப்பிக்கும், கூடவே கிருமியும் தப்பிக்கும். பனிக்கட்டில ரேடிக்கல் நகராது, டி10 ஏறிரும்.

பாட்டி [6:57]: கதிர் அடிச்சதைக் குடிச்சா வயித்துல கதிர் நிக்குமாடா?

சித்தப்பா [6:59]: நிக்காதும்மா. இந்தக் கதிர் வர்றது கோபால்ட்-60-ல இருந்து, அதோட காமாவுக்கு 1.17, 1.33 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்தான். ஜூஸைக் கதிரியக்கமா மாத்த அது காணாது. விளக்கை அணைச்ச பிறகு ரூம்ல வெளிச்சம் தங்குமா? 1.8-க்கு சூடும் அரை டிகிரி கூட ஏறாது.

பாட்டி [6:59]: அப்ப சரி

கவின் [7:01]: மெஷின்ல 1.8 போட்டுட்டா முடிஞ்சுதா?

சித்தப்பா [7:06]: அங்கதான் எல்லாரும் வழுக்குறாங்க. பெட்டில எங்க டோஸ் குறைவா விழுதோ, அங்க 1.8 இருக்கணும். நடுவுல, மூலையில, மேல, கீழன்னு அலனைன் டோசிமீட்டர் (டோஸ் அளக்குற சின்ன வில்லை) வச்சு அளந்து, அதிகபட்சத்தைக் குறைஞ்சபட்சத்தால வகு. 1.5 வந்தா ஒரு பாட்டில் 1.8 வாங்கும்போது இன்னொண்ணு 2.7 வாங்குது. டோஸ் அளக்க ஃபிரிக் கரைசல் வேண்டாம், அது 400 கிரே வரைக்கும்தான்.

சித்தப்பா [7:08]: கோபால்ட் தேயுறதையும் கணக்குல எடு. மாசம் சுமார் 1%. இன்னைக்கு மணிக்கு 3 கிலோகிரேன்னா 36 நிமிஷம். அடுத்த வருஷம் அதே டோஸுக்கு 41 நிமிஷம். பழைய டைமரையே வச்சிருந்தா 5 லாக் கிடைக்காது.

மதி அத்தை [7:12]: 2.7 வாங்குற பாட்டில்தான் எனக்குக் கவலை தம்பி. ஜூஸ்ல வைட்டமின் சி கரையும், வாசனை மாறும், சர்க்கரைல இருந்து ஃபியூரான்ங்கிற வேண்டாத சேர்மம் கொஞ்சம் வரும். கவின், நைட்ரஜன் விட்டு ஆக்சிஜனை வெளியேத்திட்டு, 5 டிகிரிக்குக் கீழ வச்சு அடி. சோடியம் பென்சோயேட் சேர்த்த ஜூஸை அடிக்கவே அடிக்காத, பென்சீன் உருவாகும்.

சித்தப்பா [7:13]: கண்ணாடி பாட்டிலும் வேண்டாம். பழுப்பேறிரும். ஜூஸ் கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க 😄

கவின் [7:16]: அடிச்சுட்டு சார்பிட்டால் மெக்கான்கி அகார்ல (இந்தக் கிருமியைத் தனியாக் காட்டுற ஜெல்) போட்டு எண்ணிரலாமா? ஒரு காலனியும் வரலைன்னா பாஸ்?

மதி அத்தை [7:20]: அய்யோ, அப்படிப் பண்ணாத. அடிபட்ட செல் அந்த அகார்ல எழுந்திருக்காது, செத்ததா நினைச்சுருவ. ஜூஸ்ல போனா ரெண்டு நாள்ல சில செல் தேறிக்கலாம். முதல்ல கடுமை இல்லாத டிரிப்டிக் சோயா அகார்ல பரப்பி 37-ல 2, 3 மணி நேரம் விடு. பிறகு மேல மெக்கான்கியை ஊத்து. அப்ப வர்ற எண்ணிக்கைதான் நிஜம்.

கவின் [7:22]: ஆரஞ்சுக்கும் இதே 1.8 தானே?

மதி அத்தை [7:24]: இல்ல. அங்க பயம் சால்மோனெல்லா. சில வகைக்கு டி10 0.71 வரைக்கும் போகும், அஞ்சால பெருக்கினா 3.55. அந்த டோஸ்ல ஆரஞ்சு ருசி நிக்கிறது கஷ்டம். கலங்கலைக் குலைக்கிற பெக்டின் மெத்தில்எஸ்டரேஸ் நொதியும் சாகாது, ஜூஸ் தெளிஞ்சு அடியில வண்டல் தங்கும்.

கவின் [7:25]: அப்ப யூவி (புற ஊதாக் கதிர்)?

மதி அத்தை [7:28]: 253.7 நானோமீட்டர் விளக்கு. கலங்கல் ஜூஸ்ல ஒரு மில்லிமீட்டர் போறதே பெரிசு. மெல்லிய படலமா, சுழல் ஓட்டத்துல விடணும், ஓட்டம் எவ்வளவு சுழலுதுன்னு காட்டுற ரெனால்ட்ஸ் எண் 2200-க்குக் கீழ போகக்கூடாது. குவார்ட்ஸ் குழாய்ல சக்கை படிஞ்சா விளக்கு எரியும், வெளிச்சம் ஜூஸுக்கு வராது.

கவின் [7:30]: சரி, காமாவே. நாளைக்குக் காலி பாட்டில்ல டோஸ் மேப் எடுக்கிறேன்.

சித்தப்பா [7:31]: காலி பாட்டில்லயா? ஜூஸ் நிரப்பி எடுடா, கதிரைத் தடுக்கிறதே அந்தத் திரவம்தான். பெட்டியும் முழுசா நிரம்பி இருக்கணும்.

கவின் [7:32]: சரி, நிரப்பி. ஒரு பெட்டிக்கு 12 அலனைன்.

சித்தப்பா [7:32]: நட்ட நடு பாட்டில்ல ரெண்டா வை. ஒண்ணு கழுத்துல, ஒண்ணு அடியில.