நிறுத்தி வைத்தால் 12 வோல்ட் பேட்டரி காலி: சீன மின்சார கார், உதவி தேவை

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கிறேன். 2024 மார்ச்சில் எடுத்த சீனத் தயாரிப்பு மின்சார கார், எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி, 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாக ஒரே தொல்லை. புளோக்குக்குக் கீழே இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் 12 வோல்ட் பேட்டரி காலி. கதவு திறக்காது, திரை இருட்டு. காரை ஓட்டும் பெரிய பேட்டரியில் 70 சதவீதம் இருக்கும். அதை எழுப்பவே இந்தச் சின்ன பேட்டரிதானே வேண்டும்!

சர்வீஸ் சென்டரில் வாரண்டியில் புது பேட்டரி போட்டார்கள், மென்பொருளையும் புதுப்பித்தார்கள். பத்தே நாளில் பழைய கதை. அப்புறம் நானே டாஷ்கேமைக் கழற்றினேன், போனில் கார் ஆப்பையும் நீக்கிவிட்டேன். பலன் இல்லை.

கடைசியில் நண்பரின் கிளாம்ப் மீட்டரை (கம்பியைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கருவி) வைத்து அளந்தேன். பூட்டி ஒரு மணி நேரம் கழித்தும் 600 மில்லிஆம்பியர் ஓடுகிறது. தூங்கும் காரில் 50-க்குக் கீழே இருக்க வேண்டும். பேட்டரி 45 ஆம்பியர் மணி, 75 மணி நேரத்தில், சுமார் மூன்று நாளில் காலி; கணக்கு சரியாகவே வருகிறது. அதாவது ஏதோ ஒரு மாட்யூல் (காரின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி) தூங்கவில்லை. சர்வீஸ் சென்டரோ "எங்கள் கணினியில் பிழை எதுவும் இல்லை" என்கிறது.

"சீன கார்னா அப்படித்தான்" என்கிறார் மச்சான். 2024-இல் இங்கே அதிகம் விற்ற மின்சார கார் பிராண்டே சீனாவின் பிஒய்டிதான் (என்னுடையது அதுவல்ல), அதனால் அந்தப் பேச்சை விடுங்கள். ஓட்டத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஃபியூஸைப் பிடுங்காமல், வாரண்டி கெடாமல், எந்த மாட்யூல் விழித்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?