ஏற்காட்டுப் பனியில் இலை சுருளுது, யோசனை வேணும்

கிறிஸ்துமஸ் விருந்து மேசைக்கு இரண்டடி நீள அலங்காரம், ஏற்காட்டு வீட்டில் வைக்கணும். அடியில் அட்டைப்பட்டை, மேலே சில்வர் ஓக் இலை வெள்ளிப் பக்கம் தெரியும்படி, ஓரத்தில் கொடைக்கானல் பைன் காய் 12, நடுவில் பேட்டரி சீரியல் லைட்டு. தெருவில் தொங்கும் நட்சத்திர வெளிச்சம் ஜன்னல் வழியா விழுந்தாலே அந்த இலை மினுங்கும்; தங்க ஸ்பிரே வீண் செலவு.

இலையை நியூஸ்பேப்பருக்குள் வைத்து, மேலே அம்மிக்கல் ஏற்றி, தாளைத் தினமும் மாற்றி ஒரு வாரம் காயவைத்தாச்சு. சேலத்தில் தட்டையாத்தான் இருக்கு. மேலே ஏற்காட்டுக்குக் கொண்டுபோனா இரண்டே நாளில் நுனி சுருளுது. விரிஞ்ச பைன் காயும் ஈரம் இழுத்து மூடிக்குது. ஜவ்வரிசிப் பசை இளகிடுது. குளூ கன்னோ, குளிரில் பிடிக்கிறதுக்குள்ளே இறுகி, கட்டியா உரிஞ்சு கையில் வருது.

இலை சுருளாம இருக்க, ஒரு பங்கு கிளிசரினை இரண்டு பங்கு வெந்நீரில் கலந்து, அதில் இலைக் காம்பை நிறுத்தலாம்னு இருக்கோம். அதுக்குப் பச்சை இலைதான் வேணும், காய்ஞ்சது உறிஞ்சாது. ஆனா அடிப்பக்க வெள்ளி மங்கிடுமா? பைன் காய்க்கு வார்னிஷ் பூசினா மூடாம நிற்குமா? பக்கத்தில் மெழுகுவத்தி எரியும், அதையும் யோசிச்சுச் சொல்லுங்க.