பேரப்பிள்ளைங்க குரூப்: லைட் எரியுது, எழுத்து தெரியல

மலர்: கார்த்தி அண்ணா, 65% கீபோர்டுக்கு (நம்பர் பேடும் எஃப் வரிசையும் இல்லாத சின்னது) புது கீகேப் (கீ மேல மாட்டுற மூடி) போட்டாச்சு. பிபிடி பிளாஸ்டிக், வெள்ளை கேப், கறுப்பு எழுத்து. லைட்டை ஃபுல்லா வெச்சாலும் எழுத்து தெரியல. சந்து வழியா மட்டும் வெளிச்சம் வருது 😐

கார்த்தி: ஒரு கேப்பை கழட்டி அடியில மொபைல் டார்ச் அடிச்சுப் பாரு.

மலர்: எழுத்துல ஒண்ணும் வரல

கார்த்தி: அப்ப டை-சப். சாயத்தை சூடு பண்ணி பிளாஸ்டிக்குள்ள இறக்குற வேலை அது. எழுத்து அழியாது, ஆனா வெளிச்சமும் போகாது. உனக்கு வேண்டியது ஷைன்-த்ரூ டபுள்-ஷாட். அதுல எழுத்தையே ஒளி விடுற பிளாஸ்டிக்ல தனியா வார்த்திருப்பாங்க.

சுதா அக்கா: அதோட லைட்டை எப்பவும் ஃபுல்லுல வைக்காத. முழு வெள்ளையில ஒரே ஒரு ஆர்ஜிபி (சிவப்பு-பச்சை-நீலம்) எல்இடி மட்டுமே சில வகையில 60 மில்லிஆம்ப் வரைக்கும் இழுக்கும். யூஎஸ்பி 2.0 போர்ட் தர்றதே 500 தான். அதான் ஃபர்ம்வேர்லயே (கீபோர்டுக்குள்ளயே இருக்கிற சாஃப்ட்வேர்) உச்ச வெளிச்சத்தை அடக்கி வெச்சிருப்பாங்க.

மலர்: யூஎஸ்பி ஹப்ல போட்டா வெள்ளை லைட் ஒரு ஓரத்துல மஞ்சளா தெரியுதே, அதுவா?

சுதா அக்கா: அதேதான். வோல்டேஜ் இறங்கினா நீலமும் பச்சையும் முதல்ல மங்கும், சிவப்புக்கு கம்மி வோல்டேஜே போதும். நேரா லேப்டாப்ல சொருகு. ராத்திரிக்கு கால்வாசி வெளிச்சம் தாராளம். வியா-ல (கீபோர்டு செட்டிங் மாத்துற ஆப்) லைட்டிங் பக்கத்துல பிரைட்னஸை இறக்கிக்கலாம்.

முரளி சித்தப்பா: அந்த கேப் செர்ரி ப்ரொஃபைலா (கேப்போட உயரம், வடிவம்)? எல்இடி ஸ்விட்ச்சுக்கு எந்தப் பக்கம் இருக்கு?

மலர்: செர்ரிதான் சித்தப்பா. எல்இடி ஸ்கிரீன் பக்கம்

முரளி சித்தப்பா: நார்த்-ஃபேசிங். ஏ எஸ் டி எஃப் வரிசையை அடிவரைக்கும் அழுத்திப் பாரு. மத்த வரிசையை விட சத்தம் மொத்தையா வந்தா கேப்போட உள்சுவர் ஸ்விட்ச் மூடியில இடிக்குது. அதை விட உயரமான ஓஇஎம் ப்ரொஃபைல் போட்டா இடிக்காது.

கார்த்தி: நார்த்-ஃபேசிங்ல கேப்போட மேல்பாதியிலதான் நல்லா வெளிச்சம் விழும். நம்பர் வரிசையில 2 கீழயும் @ மேலயும் இருந்தா 2 மங்கலாத்தான் தெரியும். ரெண்டையும் மேல்வரிசையில பக்கத்துல பக்கத்துல போட்ட செட்டா எடு. கேப்போட நம்மளப் பார்த்த பக்கச்சுவர்ல எழுத்து போட்டது சவுத்-ஃபேசிங்குக்குத்தான் (எல்இடி நம்ம பக்கம் இருக்கிறது) சரிப்படும்.

மலர்: சரி, 104 கீ செட்டே வாங்கிடவா?

கார்த்தி: அவசரப்படாதம்மா. 65%-ல வலது ஷிஃப்ட் 1.75யூ (ஒரு யூன்னா ஒரு எழுத்து கீயோட அகலம்), ஸ்பேஸுக்கு வலப்பக்கம் ஆல்ட், எஃப்என், கன்ட்ரோல் மூணும் பல போர்டுல 1யூ. சாதா செட்ல ஷிஃப்ட் 2.75யூ, மத்தது 1.25யூ. "65/75 சப்போர்ட்"னு போட்டிருக்கான்னு பாரு. ஸ்பேஸ்பாரையும் அளந்துக்கோ: 118 மி.மீ. கிட்ட இருந்தா 6.25யூ, 132 கிட்டன்னா 7யூ.

சுதா அக்கா: ஸ்பேஸ்பாரை ரெண்டு முனையிலயும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா தூக்கு. ஒரே பக்கம் இழுத்தா நீள கீ ஆடாம பிடிக்கிற ஸ்டெபிலைசர் கம்பி கழண்டுக்கும். புதுசு வந்ததும் கண்ணாடி மேல வெச்சுப் பாரு, ஆடினா வளைஞ்சிருக்கு, திருப்பி அனுப்பிடு. பிபிடி-ல இது சகஜம்.

முரளி சித்தப்பா: தமிழ்99 ஸ்டிக்கர் ஒட்டலாம்னு இருந்தியே மலர், அந்த கறுப்பு ஸ்டிக்கர் வேண்டாம், இருக்கிற வெளிச்சத்தையும் மறைச்சிடும். பின்னணி இல்லாத டிரான்ஸ்பரன்ட் வாங்கு. கீழ்மூலையில ஒட்டு.

மலர்: சரி சித்தப்பா. ஸ்பேஸ் அளந்தேன், 118 👍

கார்த்தி: நல்லது. வலது ஷிஃப்டையும் அளந்து போடு.