பெங்களூருல தமிழ்நாட்டு ரேஷன் கார்டு: வாங்கினவங்க, வாங்க முடியாதவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ஸ்ரீராமபுரத்துல எங்க வீட்டுக்குப் பின்னாடி வரிசையா சின்ன வீடுங்க. திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி பக்கத்திலேர்ந்து கட்டட வேலைக்கு வந்தவங்கதான் முக்கால்வாசி. ஊர்ல ரேஷன் கார்டை வெச்சுக்கிட்டு, இங்க வெளிக்கடையில கிலோ அம்பது ரூபாய்க்கு மேல கொடுத்து அரிசி வாங்குறாங்க. "வேற ஸ்டேட் கார்டு இங்க செல்லாதுக்கா"ன்னு யார் சொன்னாங்களோ, அதையே நம்பிட்டிருக்காங்க.

செல்லும். ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்துல கர்நாடகா 2020 ஜனவரியிலயும், தமிழ்நாடு அதே வருஷம் அக்டோபர்லயும் சேர்ந்தாச்சு. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமை கார்டுக்கு (ஏழைக் குடும்பம்னு பட்டியல்ல சேர்த்தவங்க கார்டு) தலைக்கு மாசம் 5 கிலோ தானியம், 2023லேர்ந்து அது இலவசம். நாட்டுல எந்த ரேஷன் கடையில வேணும்னாலும் வாங்கலாம்.

பக்கத்து வீட்டுக் கொத்தனார் தம்பியைக் கூட்டிட்டுப் போனேன். கடைக்காரர் கார்டைப் பார்த்ததுமே, "தமிழ்நாடா? இல்லி ஆகல்லா"ன்னுட்டார், அதாவது இங்க ஆகாதுன்னு. "மெஷின்ல நம்பரைப் போட்டுப் பாருங்க சார், வரலைன்னா போயிடுறோம்"னேன். மனசில்லாமதான் போட்டார். குடும்பத்துல எல்லார் பேரும் வந்துச்சு! அப்புறம் கைரேகை. சிமென்ட்லயே புழங்கின கை, ரேகை தேஞ்சு வழவழன்னு இருக்கு. லுங்கியில துடைச்சுத் துடைச்சு ஒவ்வொரு விரலா வைக்கிறான், மெஷின் ஒவ்வொண்ணையும் தள்ளுது. பின்னாடி நிக்கிறவங்க முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டாங்க. அவனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கார்டுல பேர் இருக்கிற யார் வெச்சாலும் போதும்ங்கிறதால, அவன் பொண்டாட்டியை வரச் சொன்னோம். அவ மோதிர விரல்ல எடுத்துக்கிச்சு. ஊர்ல இருக்கிற அம்மாவோட பங்கை விட்டுட்டு, இங்க இருக்கிறவங்க பங்கை மட்டும் வாங்கிட்டு வந்தோம். அப்படிப் பிரிச்சு வாங்கவும் வழி இருக்கு.

கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. அவர்கிட்ட இருக்கிற கார்டுக்குக் கணக்குப் பண்ணித்தான் மூட்டை வருது. வெளியாளுக்குக் கொடுத்துட்டு, மாசக் கடைசியில உள்ளூர்க்காரங்களுக்கு இல்லைன்னா திட்டு வாங்குறது அவர்தான். அதனால ரேஷன் போட ஆரம்பிச்ச உடனே போயிடுங்க. தரமாட்டேன்னா இந்தத் திட்டத்தோட உதவி எண் 14445க்குப் போன் பண்ணுங்க.

உங்க அனுபவத்தையும் எழுதுங்க. வேற ஒருத்தருக்கு உதவும்.

*ஈஜிபுராவிலிருந்து:*
எங்க கதை வேற. மாமியார் காலத்திலேர்ந்து எங்களுக்குக் கர்நாடகா பிபிஎல் கார்டு (வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கான ரேஷன் கார்டு) இருக்கு. மருமக வேலூர்ப் பொண்ணு. கல்யாணமாகி வந்ததும் அவ பேரைச் சேர்க்கப் போனா, ஆதார் அங்க ஒரு கார்டுல ஏற்கெனவே இருக்குன்னு கம்ப்யூட்டர் விடலை. அவங்க அப்பா ஊர்ல பேரை நீக்கி, அந்தச் சான்றிதழ் வாங்கி அனுப்பினப்புறம்தான் மனுவையே எடுத்துக்கிட்டாங்க. அதுக்குள்ள பேரனே பொறந்துட்டான். மாசமா இருக்கிற பொண்ணுக்கு அங்கயும் அரிசி இல்ல, இங்கயும் இல்லன்னா வயிறு எரியாதா? பொண்ணைக் கட்டிக் கொடுக்கிறவங்க கல்யாண வேலையோட வேலையா பேர் நீக்குற வேலையையும் முடிச்சுடுங்க.

*அல்சூரிலிருந்து:*
அண்ணா/அக்கா, நான் போன கடையில மரியாதையாத்தான் பேசினாங்க. நம்பர் போட்டுப் பார்த்துட்டு "இதுல பங்கே காட்டலை"ன்னு மெஷினைத் திருப்பிக் காட்டினாங்க. ஊர்ல இதே கார்டுக்கு மாசாமாசம் இலவச அரிசி வாங்கிட்டிருந்தோமே, ஏன் இப்படி?

*ஸ்ரீராமபுரம்:*
தம்பி, கார்டு முன்பக்கத்துல போட்டோ பக்கத்துல எழுத்து இருக்கும், பாருங்க. பிஎச்எச்னு இருந்தா முன்னுரிமை, இங்க அரிசி கிடைக்கும். பிஎச்எச்-ஏஏஒய்னா அந்தியோதயா, ரொம்ப ஏழைங்களுக்கான கார்டு, அதுக்கும் கிடைக்கும். என்பிஎச்எச்னு இருந்தா முன்னுரிமை இல்லாத கார்டு, அதுக்குக் கிடைக்காது. நம்ம ஊர்ல எல்லாருக்கும் ரேஷன்ங்கிறதால என்பிஎச்எச்காரங்களுக்கும் தமிழ்நாடு அரசு தன் செலவுல இலவச அரிசி கொடுக்குது. அது மாநில எல்லையைத் தாண்டாது. சர்க்கரை, பருப்பு, பாமாயிலும் அப்படித்தான். இங்க வந்து மூட்டை தூக்குறவங்க, வீட்டு வேலை செய்றவங்க எத்தனையோ பேர் கையில என்பிஎச்எச் கார்டுதான் இருக்கு. ஊர்ல ரெண்டு கார்டுக்கும் ஒரே கடையில, ஒரே வரிசையில அரிசி போடறப்ப அந்த வித்தியாசம் யாருக்கும் தெரியறதில்ல. ஏழைங்க பட்டியல்ல இவங்க பேர் இல்லாமப் போனது பெரிய அநியாயம்.

*அல்சூரிலிருந்து:*
பார்த்தேன். என்பிஎச்எச்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப வகை மாத்தச் சொல்லி வட்ட வழங்கல் அலுவலகத்துல மனு கொடுத்துட்டு வந்த எங்க சித்தப்பாவுக்கே இன்னும் பதில் வரலை. நானும் கொடுக்கிறேன். அதுவரைக்கும் மதியச் சாப்பாட்டுக்கு இந்திரா கேன்டீன் (இங்க அரசு நடத்துற மலிவு விலை சாப்பாட்டுக் கடை), ராத்திரிக்கு வெளிக்கடை அரிசி.